கேதீஸ்வரனுக்குத் தெரியாதது

தாளில் இரண்டு பெயர்கள்தான் வந்திருக்க வேண்டும். மூன்று வந்திருந்தன.

1976 ஜூன். ஐந்தரைக்கே இருட்டிவிடும் மெல்பேர்ன் குளிர்காலம். பல்கலைக்கழகத்தின் நிலவறைக் கணினி அறையில் சூடேறிய எண்ணெய் வாசமும், குளிரூட்டியின் ஓயாத இரைச்சலும், கணினியின் பதிலைத் தாளில் அடிக்கும் டெலிடைப் எந்திரம் நின்று நின்று தட்டும் சத்தமும் சேர்ந்து சிறிதரனின் பிடரியில் ஏறி உட்கார்ந்திருந்தன.

மனிதருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைத் தர்க்க விதிகளாக எழுதிக் கணினிக்குக் கொடுப்பது அவன் ஆராய்ச்சி. பழைய தர்க்கத்தில், ஒன்றைத் தெரிந்தவனுக்கு அதிலிருந்து பிறக்கும் அத்தனையும் தெரியும். அப்படிப்பட்ட மனிதர் எந்த ஊரில் இருக்கிறார்கள்? சிறிதரன் விதியை மாற்றினான். கண்டதும் கேட்டதும்தான் தெரியும்; அதுவரை பழையதையே நம்பி, அதன்படியே நடப்பார்கள். சோதித்துப் பார்க்க, வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டதுபோல, சொந்த வீட்டையே எந்திரத்துக்குக் கொடுத்தான். தான், மனைவி யோகராணி, பிறக்கப்போகும் பிள்ளையைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாக எழுதியிருந்த அவளுடைய அண்ணன் கேதீஸ்வரன்.

ஒன்பது நாளுக்கு முன் அவன் வேலையிடத்துக்குத் தந்தி வந்தது. கேதீஸ்வரன் நித்திரையிலேயே போய்விட்டார். யோகராணிக்கு எட்டு மாதம். அதிர்ச்சியில் இரத்த அழுத்தம் ஏறினால் தாயும் பிள்ளையும் தப்புவது கடினம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இழவு சொல்வதில்லை என்பது ஊர் வழக்கமும்கூட. தந்தியை மேசை லாச்சியில் பூட்டிவிட்டு, அண்ணன் வருவார் என்றே அவளிடம் சொல்லிவந்தான். சொல்லும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது. எந்திரத்திடம் மட்டும் மரணத்தைப் பதிந்தான். பிறகு ஆட்களின் பட்டியலிலிருந்து கேதீஸ்வரனின் பெயரை நீக்கினான்.

இன்று அது அடித்திருந்தது: மரணம் சிறிதரனுக்குத் தெரியும். யோகராணிக்குத் தெரியாது. கேதீஸ்வரனுக்குத் தெரியாது.

நித்திரையில் போனவருக்கு யார் போய்ச் சொன்னது? விதி சரியாகத்தான் வேலை செய்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. பெயரை மறுபடி நீக்கினான். எந்திரம் தட்டியது: கேதீஸ்வரன் புறப்பட்டுவிட்டார். மறுபடி நீக்கினான். நோபல் பார்க் வந்துவிட்டார்.

அங்கேதான் வீடு.

வீட்டுக்கு டெலிபோனைச் சுழற்றினான். யோகராணியின் குரலில் இத்தனை சந்தோஷத்தை அவன் கேட்டு வெகு நாளாயிற்று.

"ஏன் இண்டைக்கெண்டு சொல்லேல்லை? அண்ணை வந்து நிக்கிறார். கையிலை ஒரு பெட்டிகூட இல்லை. சரியாக் குளிருதாம்."

அவளிடம் சொல்ல முடியாது. சொல்லாமலும் முடியாது. அதற்குள் டெலிபோன் கைமாறியது. மூச்சுச் சத்தமே இல்லை.

"மச்சான், ஊரிலை எல்லாரும் அழுகினம். நான் கேக்க ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றிருக்கலாம். ஒரே சொல். நாக்கு எழவில்லை.

அந்த மௌனம் அங்கே கேட்டது.

முதுகுக்குப் பின்னால் எந்திரம், யாரும் தொடாமலே, தட்டத் தொடங்கியது.

கேதீஸ்வரனுக்குத் தெரியும்.

டெலிபோனில் கதிரைக் கால்கள் தரையில் இழுபடும் சத்தம். மெதுவாக. கிட்ட.

"அண்ணை," என்றாள் யோகராணி, தூரத்தில். "ஏன் உங்கடை முகம் இப்பிடி..."

எந்திரம் அவள் பெயரை அடித்தது. நின்றது. அடுத்த எழுத்துக்காக அதன் சுத்தியல் உயர்ந்தே நின்றது.