இரண்டு பொதி நெத்தலி

"அது என்ர கதிரை."

கஜந்தியின் குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னலிலிருந்தும் சொட்டியது. உப்புவெளி பஸ்ஸில் முழுத் தூரமும் நின்றுகொண்டு வந்தவள், இன்னும் ஒரு நிமிடம் நிற்கத் தயாராயில்லை.

கதிரையில் இருந்தவன் திரும்பவில்லை. "உங்கட பேர் இதில எழுதியிருக்கோ?"

"இதில இல்லை, சுவரில. அஞ்சாம் நம்பர் கொம்பியூட்டர், பத்து மணி, கஜந்தி. வாசிக்கத் தெரியும்தானே?"

இப்போது திரும்பினான்.

"தெரியும். அதுக்குக் கீழ சஞ்சீவன் எண்டும் கிடக்கு. அதையும் ஒருக்கா வாசியுங்கோ."

கிடந்தது. அதே பத்து மணி. அவன் வாய் சிரிக்கவில்லை. கண்கள் மட்டும் சிரித்தன... பெரிய கண்கள். அதுதான் அவளுக்குக் கூடுதல் கோபத்தைத் தந்தது.

ஜாவா புரோகிராமிங் படிப்பிக்கும் தர்மசீலன் சேர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "நான்தான் எழுதினனான். ரெண்டு பேருக்கு ஒரு புரொஜெக்ட். சண்டையை முடிச்சுப்போட்டு வேலையைத் துவங்குங்கோ."

சஞ்சீவன் எழுந்து கதிரையை அவள் பக்கம் தள்ளினான். தனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டான்.

"முதல்ல ஒரு கதை," என்றாள் கஜந்தி. "என்ர பாகத்தில நீங்கள் கை வைக்கக் கூடாது. உங்கட பாகத்தில நானும் வைக்க மாட்டன்."

"ஓம் மேடம்."

"மேடம் எண்டு சொல்லாதேங்கோ."

"ஓம் அக்கா."

"உங்களுக்கு எத்தனை வயது?"

"இருபத்தாறு."

"எனக்கு இருபத்துநாலு!"

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"

"பேர் சுவரில இருக்கு."

அந்த நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. போன முறை மாமாவின் மகன் ஒரு பின்னேரம் வந்து அவளுடைய புரோகிராமைத் 'திருத்தி'க் கொடுத்தான். பரீட்சகர் ஒரு வரியைக் காட்டி இது ஏன் என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அது அவள் எழுதிய வரியல்ல. தோற்றுப்போனாள். இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை கிடையாது. இந்தமுறை எல்லாம் தன் கையால்தான்...

செய்ய வேண்டியது ஒரு இணையக் கடை. உண்மையான கடையல்ல. கொம்பியூட்டரின் திரையில் ஒரு ஜன்னல், அதில் சாமான் பட்டியல், ஒரு கூடை, 'வாங்கு' என்று ஒரு பட்டன். கஜந்தியின் அம்மா கருவாடு போடுகிறவள். ஆகவே கருவாட்டுக் கடை. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அவள் கோப்பு. பின்னால் இருப்பைக் கணக்குப் பார்ப்பது அவன் கோப்பு.

முதல் நாளே ஓர்ஸ் ஹில்காரனான சஞ்சீவன் சீலாக் கருவாட்டின் படத்தைத் தந்து, கட்டாக் கருவாடு என்று சொன்னான்.

"ஓர்ஸ் ஹில் ஆக்களுக்குக் கருவாடு எல்லாம் ஒண்டுதானாக்கும்!"

"மணத்தில ஒண்டுதானே?"

"அம்மாவுக்கு முன்னால சொல்லிப் பாருங்கோ. உங்களையும் உப்புப் போட்டுக் காய வைப்பா."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஜன்னலுக்கு வெளியே உள்துறைமுகத்தில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. சிரித்தால் இவனுக்கு இடது கன்னத்தில் குழி விழுகிறது... எனக்கேன் அது? அவள் திரைக்குத் திரும்பினாள்.

மூன்று கிழமை ஓடியது. பஸ் பிந்தினால் அவன் கதிரையை மற்றவர்களிடமிருந்து காத்து வைத்தான். அவள் அம்மாவின் நெத்தலிப் பொரியல் கொண்டுவந்தாள். "டேஸ்ட் பாக்க. வேற ஒண்டுமில்லை." வேறு ஏதும் உண்டோ என்று அவன் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

"இந்தப் பட்டன் பாவம்," என்றான் அவன் ஒருநாள். "தானா ஒண்டும் செய்யாது. ஒராள் வந்து அமத்தும் வரைக்கும் சும்மா காத்துக்கொண்டிருக்கும்."

"அமத்தினாலும் காணாது. லிஸ்னர் எண்டு, அமத்துறதைக் கேக்கிற ஒரு வரி கட்டிவிட வேணும். கேக்க ஆளில்லாட்டி எத்தனை தரம் அமத்தியும் வேலையில்லை."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ஒரு நெத்தலியை எடுத்து வாயில் போட்டான்.

வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது. கடைசியாக ஓட்டிப் பார்க்குமுன் கரண்ட் போனது. சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பரீட்சை.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. 'வாங்கு' பட்டனுக்கு லிஸ்னரை யார் கட்டியது? தான் கட்டவில்லை. அவன்தான் கட்டவேண்டும் என்று நினைத்திருந்தாள். அவன் கோப்பில் அப்படி ஒரு வரி பார்த்த ஞாபகமில்லை. அவனிடம் சொன்னால் வெட்கப்படுவான்... சொல்லாமல் செய்துவிடலாம். ஒரேயொரு வரி.

காலை எட்டரைக்கு வந்தாள். அஞ்சாம் நம்பர் ஏற்கெனவே சூடாக இருந்தது. யோசிக்க நேரமில்லை. அவன் கோப்பைத் திறந்தாள். வரி இல்லைத்தான். எழுதினாள், சேமித்தாள். தன் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. அதில் இருப்பது அவளுக்கு மனப்பாடம். ஓட்டிப் பார்க்கக் கைவைத்தபோது சேர் எல்லோரையும் எழும்பச் சொன்னார். சஞ்சீவன் தேநீர் குடித்துவிட்டு ஓடி வந்தான்.

பரீட்சகர் குணமணி மிஸ், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெத்தலியைத் தெரிவு செய்தார். 'வாங்கு' பட்டனை ஒருமுறை அமத்தினார்.

கூடையில் இரண்டு பொதி.

"நான் ஒண்டுதானே பிள்ளை கேட்டனான்?"

கட்டாவையும் அமத்தினார். இரண்டு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கஜந்திக்குக் காது சுட்டது. போன முறையும் இப்படித்தான்... யாரோ கைவைத்திருக்கிறார்கள். அவனைப் பார்த்தாள். அவன் முகம் வெளிறியிருந்தது.

"என்ர பிழை, மிஸ்," என்றான் அவன்.

"இல்லை மிஸ், என்ர பிழை," என்றாள் அவள், அதே மூச்சில்.

"யார்ட பிழை எண்டு நான் கேக்கேல்லையே. எங்க எண்டு காட்டுங்கோ. பத்து நிமிஷம்."

அவன் மெதுவாக அவளுடைய கோப்பைத் திறந்தான். அவள் எழுதாத ஒரு வரி அங்கே இருந்தது.

"நீங்கள் என்ர பாகத்தில கை வைச்சனீங்கள்!"

"ஓம். காலமை ஏழு மணிக்கு. லிஸ்னர் இல்லாததைக் கண்டனான். சொன்னா உங்களுக்குக் கவலையா இருக்கும் எண்டு... மன்னியுங்கோ."

கோபப்பட அவளுக்கு ஒரு விநாடிதான் கிடைத்தது. அவன் கோப்பைத் திறந்து தன் வரியைக் காட்டினாள். அவன் வாசித்தான். மறுபடி வாசித்தான். கன்னத்தில் குழி விழுந்தது.

ஒரு பட்டனுக்கு இரண்டு லிஸ்னர். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் கட்டியது. ஒருதரம் அமத்தினால் இரண்டும் கேட்டு, ஆளுக்கொரு பொதி போட்டிருக்கின்றன.

"நான் என்ரதை எடுத்துவிடுறன்," என்று மௌஸை நகர்த்தினான்.

"வேண்டாம்." அவன் கையைப் பிடித்தாள். பிடித்ததை அறிந்தும் விடவில்லை. "நான் என்ரதை எடுக்கிறன். உங்கட வரி இருக்கட்டும்."

"அது உங்கட பாகத்தில கிடக்கு..."

"தெரியும். இருக்கட்டும்."

குணமணி மிஸ் மறுபடி அமத்தினார். ஒரு பொதி. பிறகு சஞ்சீவனின் வரியில் விரலை வைத்து, "இது ஏன்?" என்று கஜந்தியிடம் கேட்டார்.

அவளுக்குத் தெரிந்தது. நிறுத்தாமல் சொன்னாள். மிஸ் தாளில் ஏதோ எழுதி, "பாஸ். ரெண்டு பேரும்," என்றார்.

வெளியே மழை. பஸ் தரிப்பிடத்தில் ஒரு குடைக்குக் கீழ் இருவர். குடை அவளுடையது, பிடித்திருந்தது அவன். ஒரு தோள் அவனுக்கு முழுதாக நனைந்தது.

"கஜந்தி," என்றான். மேடம் இல்லை, அக்கா இல்லை. "எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தக் கதிரையில நான் இருந்த நாளிலயிருந்து."

உப்புவெளி பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. அவள் ஏறவில்லை. பஸ் போனது.

"இன்னொருக்கா சொல்லுங்கோ," என்றாள், கண்ணை மழையில் வைத்துக்கொண்டு. "எங்கட கடையில ஒண்டு கேட்டால் ரெண்டெல்லோ குடுக்கிறது?"

அவன் இன்னொருமுறை சொன்னான்.

"எனக்கும்," என்றாள் கஜந்தி. "எனக்கும்."