தொப்பியில் அள்ளிய மண்

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை காலை, அல்மந்தாஸ் டிராக்டரில் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தான். பின்னால் பெட்டி நிறையக் கோட்டைக் குன்றின் கறுப்பு மண். லிதுவேனியாவில் எங்களுக்கு, இறந்தவர்களை நினைக்கும் ஆத்மாக்கள் தினம் நெருங்கினால், பக்கத்துக் கல்லறையைவிட நம்முடையது எடுப்பாக இருக்க வேண்டும். பக்தியெல்லாம் அவ்வளவுதான். தன் அம்மா உயிரோடிருந்தவரை ஒரு கட்டு விறகு கொண்டுபோய்ப் போடாதவன், இப்போது அவள்மேல் சாமந்தித் தோட்டம் போட வந்துவிட்டான்.

அவளுக்குப் பக்கத்துக் கல்லறையில் படுத்திருப்பவர் என் கணவர். அதனால் இந்தக் கூத்தையெல்லாம் நான் பார்க்க வேண்டியதாயிற்று.

அந்தக் குன்று அந்தக் காலத்து வீரர்கள் தொப்பி தொப்பியாக மண் சுமந்து எழுப்பியது. யாராவது அள்ளினால் அதே தொப்பிகளோடு வந்து திருப்பி எடுத்துப் போவார்கள். இது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவனிடமும் சொன்னேன்.

“உன் புருஷன் தலைமாட்டுல புல்லு மண்டிக் கிடக்குது. முதல்ல அதைப் பாரு, ப்ரனே அக்கா,” என்றான்.

திங்களன்று சாமந்திகளுக்கு நடுவே வழவழப்பாக ஒரு வட்டக் குழி. மறுநாள் பதினொன்று. நாயின் வேலை என்றான் அந்த மடையன்.

புதன் மதியம் மூடுபனி இறங்கியது. கணவருக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். நனைந்த ஆட்டுத்தோல் வாடை அடித்தது.

சரக்.

சரக்.

யாரும் இல்லை. ஆனால் கறுப்பு மண் தாழ்ந்துகொண்டே போய், கீழே இருந்த மஞ்சள் மணல் தெரிந்தது. அள்ளுவது நிற்கவில்லை.

அல்மந்தாஸ் ஓடி வந்து குழியின்மேல் குப்புற விழுந்தான்.

“உங்க மண்ணுதான் வந்திடுச்சே. விட்டுடுங்க. உள்ள எங்கம்மா இருக்கா.”

சத்தம் நின்றது. எனக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது. அதற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது. அவனோ எழுந்து உடையைத் தட்டிவிட்டு, தன் ஒரு வார்த்தையில் எல்லாம் அடங்கிவிட்டதாகப் பெருமையடித்தான்.

மண் முழுவதும் திரும்பியதைக் காட்டுகிறேன் என்று இன்று காலை என்னையும் குன்றுக்கு இழுத்துப் போனான். உச்சியில், கறுப்பு மண்மேல், ஒரு தொப்பி அளவு மஞ்சள் மணல் கவிழ்த்திருந்தது.

கையால் கிளறினான். அடக்கத்தன்று அம்மாவின் விரல்களில் அவனே சுற்றிவிட்ட ஜெபமாலை கிடைத்தது.

அது இன்னும் விரல்களில்தான் சுற்றியிருந்தது.