முதுகுக்குப் பின்னால் நிற்கிறவன்

டார்லா கோம்ப்ஸின் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தியபோது மத்தியானம்தான். ஆனாலும் அந்த மூலையில் வெயில் இல்லை. எங்கள் கென்டக்கி மலைகளுக்கு நடுவே சில பள்ளங்களில் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு உடனே போய்விடும். துப்பாக்கிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

என் பிழைப்பு துப்பாக்கி விற்பது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் யாருக்கோ பயந்துதான் வருகிறார்கள். யாருக்கு என்று கேட்டால் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள். டார்லா தன் பழைய புருஷன் டென்னியைச் சொன்னாள். ராத்திரியில் அவன் வீட்டுக்குள் நடமாடுகிறானாம். பூட்டு உடையவில்லை, ஜன்னல் திறக்கவில்லை, ஆனால் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறதாம். எனக்கு டென்னியைத் தெரியும். தன் வீட்டுச் சாவியையே மூன்று முறை தொலைத்த பயல். பூட்டை உடைக்காமல் உள்ளே வர அவனுக்கு ஏது சாமர்த்தியம்? எனக்கு டார்லா மேல்தான் சந்தேகம்.

"வாங்க வெர்லன் அண்ணே. காபி போடட்டா?"

"முதல்ல வீட்டைக் காட்டு. டென்னியைச் சுடணும்னு முடிவு பண்ணிட்டுத்தானே என்னைக் கூப்பிட்ட?"

"அட போங்கண்ணே! அவனைச் சுட்டு ஜெயிலுக்குப் போறதுக்கா நான் அவனை விட்டு வந்தேன்? எம்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அவ்வளவுதான்."

லாரியில் இழுத்து வந்து இறக்கி வைத்த நீளமான தகர வீடு அது. ஒரு கோடியில் அவள் அறை, மறு கோடியில் ஏழு வயது மகன் ராய்ஸின் அறை. நடுவில் ஒற்றை ஆள் போகும் அளவுக்கு இருட்டு நடை. உள்ளே நனைந்த நாயின் வாடை அடித்தது.

"நாய் வளக்கறியா?"

"இல்லையே. ஏன்?"

பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்தேன். குண்டு இல்லை என்று நான் பார்த்துவிட்டுக் கொடுக்க, அவளும் திறந்து விரலை விட்டுப் பார்த்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் கை மாறும் போதெல்லாம் அப்படிப் பார்த்தாக வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தாலும் விலக்கு இல்லை.

நீளமான ரைஃபிளோடு நடையில் திரும்பினாள். குழல் சுவரில் டொக்கென்று இடித்தது.

"பாத்தியா? நீ திரும்பறதுக்குள்ள எதிர்ல நிக்கறவன் குழலைப் பிடிச்சிருப்பான். அதுவும் போக, இந்தச் சுவரு வெறும் அட்டை. இதால சுட்டா ராய்ஸ் கட்டில் வரைக்கும் போகும்."

கைத்துப்பாக்கியைக் கொடுத்தேன். நடையில் சுலபமாகத் திரும்பியது. ஆனால் அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் குழல் எங்கெங்கோ பார்த்தது.

"அப்ப எதைத்தான் எடுக்கறது?"

"குட்டைக் குழல் ஷாட்கன். தோள்ல வச்சுக்கிட்டா ஆடாது. ஆனா அதுவும் சுவரைத் துளைக்கும். அதனால நீ பையனைத் தேடிப் போகவே கூடாது. உன் ரூம்லயே, கட்டிலுக்கு இந்தப் பக்கம் நில்லு. நீ கூப்பிட்டதும் அவன் ஓடிவந்து உன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கணும். அவன் வந்துட்டான்னா, அப்புறம் நடையில வர்றது யாரா இருந்தாலும் உன் பிள்ளை இல்ல."

எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த வழிதான். அதில் ஓட்டை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பழகிப் பார்க்கலாம் என்றேன். ராய்ஸிடம் விஷயத்தை விளையாட்டு மாதிரி சொன்னோம். "முயல்" என்று அம்மா கத்தினால் ஓடி வர வேண்டும். பையன் தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனான். ராத்திரி மாதிரி இருக்கட்டும் என்று திரைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்தேன். டார்லா தன் அறையில் குண்டில்லாத ஷாட்கனைத் தோளில் வைத்து நடையைப் பார்த்து நின்றாள். நான் அலமாரியோரம் ஒதுங்கினேன்.

"ராய்ஸ்! முயல்!"

தடதடவென்று சின்னக் கால்கள் ஓடி வந்தன. என் முழங்காலை உரசிக்கொண்டு ஏதோ உள்ளே போனது. அந்த அரையிருட்டிலும் டார்லாவின் சட்டை பின்பக்கம் இழுபடுவதை நானே பார்த்தேன்.

நாய் வாடை கூடியது.

"கெட்டிக்காரப் பையன்," என்றேன்.

அப்போது நடையின் மறு கோடியில் ஒரு கதவு திறந்தது.

மெதுவான காலடி. இந்தப் பக்கமாகத்தான் வந்தது.

டென்னியேதான் என்று நினைத்தேன்.

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ராய்ஸின் குரல் கிசுகிசுத்தது.

"அவன்தான்மா. சுடு."

அவள் விசையை இழுத்தாள். 'டிக்' என்றது.

நடையின் நடுவில், ஒற்றைக் காலில் மட்டும் ஷூவோடு, ராய்ஸ் நின்றிருந்தான்.

"அம்மா, இன்னொரு ஷூவைக் காணோம். அப்படியே வரட்டா?"

திரையைக் கிழிக்காத குறையாக இழுத்தேன். டார்லாவுக்குப் பின்னால் யாருமே இல்லை. துப்பாக்கியைக் கட்டிலில் எறிந்துவிட்டு அவள் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே, ஐயோ, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இந்த வீட்டுக்கு எந்தத் துப்பாக்கியும் வேண்டாம்," என்றேன். "கிளம்பு."

பொழுது சாய்வதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன் வீட்டில் இருவரையும் கொண்டுபோய் விட்டேன்.

அடுத்த வாரம் கடைக்கு அவளிடமிருந்து போன் வந்தது. குரல் தெளிவாக இருந்தது. நிம்மதியாகத் தூங்குவதாகச் சொன்னாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம். எங்கண்ணன் வீட்டுல ஒரு பழைய ஷாட்கன் இருக்கு. பயப்படாதீங்க, குண்டெல்லாம் அவர் பூட்டி வச்சிருக்கார். சும்மா கையில பிடிச்சுப் பாத்தேன். இந்த வீட்டு நடைக்கு இது தோதுப்படுமா?"

"உனக்கு எதுக்கு இப்ப அது?"

"நான் கேக்கல. ராய்ஸ்தான் கேக்கச் சொல்லி நச்சரிக்கிறான்."

"அவன் எங்க?"

"இதோ, பின்னால நின்னு சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருக்கான்."

அந்த நேரத்தில் போனில் ஒரு பெரிய வண்டி பிரேக் போட்டு நிற்கும் ஓசை கேட்டது. வாசல் கதவு திறந்தது. எங்கோ தூரத்திலிருந்து, "அம்மா! ஸ்கூல் விட்டாச்சு!" என்று ராய்ஸ் கத்தினான்.

"டார்லா! கீழ போடு! அதைக் கீழ போடு!"

ஏதோ கனமாகத் தரையில் விழுந்தது. ஓடும் சத்தம். பிறகு அவள் அழுகையும், "என்னாச்சும்மா? ஏம்மா அழற?" என்று பையன் கேட்பதும் வாசல் பக்கமிருந்து வந்தன. அப்பாடா என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

கீழே கிடந்த போனை யாரோ எடுத்தார்கள். மூச்சு என் காதோரம் கேட்டது.

"மாமா," என்றது ராய்ஸின் குரல், "இதுல குண்டு எப்படிப் போடறது?"