கப்பல் மூழ்கிய மேஜை

கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு, மர மில்லில் அப்பாவின் வலக்கை விரல்களில் மூன்றை ரம்பம் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். காயம் ஆறியது, அப்பா ஆறவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான்.

மில் வேலை நேரம் போக, பழைய நாற்காலி மேஜைகளைத் தேய்த்துப் புதிதாக்கித் தருவதும் அவர் வழக்கம். மகளோ பழைய பேப்பர் கடையில் இரவல் வாங்கிய நாவல்களைத் தின்றே தீர்ப்பாள். அதனால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் கரையான்.

"நான் மரத்தைக் காப்பாத்துறவன். எனக்குப் போய் கரையான் பொறந்திருக்கு பாரு" என்று சிரிப்பார். கை போன பிறகு அந்தப் பெயரை அவர் சொல்லவே இல்லை.

அறை நடுவே தையல்கார அக்காவின் மேஜை அரைகுறையாக நின்றது. பழைய பெயின்ட்டை உரித்ததோடு சரி. ஒருநாள் அக்காவே வந்துவிட்டார்.

"பள்ளிக்கூடம் திறக்கப்போகுது. சீருடைத் துணி மலையா வந்து குவியும். தரையில உக்காந்தா தைக்கிறது? சனிக்கிழமை ஆளோட வரேன். முடிஞ்சாலும் சரி, முடியாட்டியும் சரி, எடுத்துக்கிறேன்."

அவர் போனதும் அப்பா சுவரிடம் சொல்வதுபோல் அம்மாவிடம் சொன்னார். "மேஜை போற அன்னிக்கே என் உளி, இழைப்புளி எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுடு."

அம்மா கருவிகளைச் சாக்கில் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். சலவைக்கூடத்து வெந்நீரில் வெந்த கைகள் அவளுடையவை. அழ அவளுக்கு நேரமில்லை.

மறுநாள் கரையான் உப்புத்தாளை எடுத்தாள். வலக்கையில் தேய்ப்பு, இடக்கையில் நாவல். மூக்கெல்லாம் மரத்தூள். நேரம் போனதே தெரியவில்லை.

சரசர சத்தம் பொறுக்காமல் அப்பா எழுந்து வந்தார். இடக்கையால் பலகையைத் தடவினார். கை ஓரிடத்தில் நின்றது.

"இங்க என்ன நடந்துச்சு?"

"எங்க, அப்பா?"

"இந்தப் பள்ளத்துல."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். "அங்க வரும்போது... கதையில கப்பல் முழுகிடுச்சுப்பா."

"மேஜையும் கூடவே முழுகிடுச்சு."

பள்ளத்தைச் சுற்றித் தேய்த்தால்தான் மட்டமாகும். அப்பாவே உப்புத்தாளை வாங்கினார். இடக்கை கோணல்மாணலாக ஓடியது. வலக்கைக்கு மாற்றினார். தாள் நழுவ, விரல் போன இடம் மரத்தில் உரசியது. தாளை வீசிவிட்டுப் போய்ப் படுத்தார். மறுபடியும் சுவர்.

கரையான் வாசற்படியில் உட்கார்ந்தாள். எதிரே அப்பாவின் அறுந்த செருப்பு கிடந்தது. அதையே வெறித்துப் பார்த்தாள். கால் செருப்பைப் பிடிப்பதில்லை. செருப்புதான் காலைப் பிடித்துக்கொள்கிறது.

அதன் பட்டையைக் கழற்றினாள். உள்ளங்கை அகலக் கட்டை ஒன்றில் பட்டையின் இரு முனைகளையும் ஆணியடித்தாள். ஓர் அடி அவள் விரலிலும் விழுந்தது. கட்டைக்கு அடியில் உப்புத்தாளைச் சுற்றினாள்.

"நீங்க பிடிக்க வேணாம்பா. இது உங்க கையைப் பிடிச்சுக்கும். நீங்க தேய்ங்க, நான் சத்தமா படிக்கிறேன். ரெண்டையும் நானே செஞ்சா கப்பல் முழுகிடுது."

அப்பா அந்தக் கட்டையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை நுழைத்தார்.

வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். அவர் முகத்தைப் பார்த்து அவள் வாசிப்பதை நிறுத்தினாள்.

"நிறுத்தாத" என்றார்.

சனிக்கிழமை தையல்கார அக்கா வந்தார். வார்னிஷ் காய்ந்து பளபளத்த பலகையைத் தடவினார்.

"இங்க லேசா ஒரு குழி இருக்கே?"

"குண்டூசி உருண்டு ஓடாம இருக்கத்தான்" என்றார் அப்பா.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். வீங்கிய கையைப் பார்த்தார். "அப்ப என் ஸ்டூலையும் கொண்டாரேன். அதுல குழி வேணாம், உக்கார முடியாது."

மேஜை போனது. அம்மா சாக்கை அவிழ்த்து, உளியையும் இழைப்புளியையும் பழையபடி அலமாரியில் அடுக்கினாள்.

அப்பா கையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு படுத்தார். இந்த முறை சுவரைப் பார்த்து அல்ல.

"இன்னும் கடைசி அத்தியாயம் இருக்கே" என்றார். "படி, கரையானே."