ஏழாம் வாய்ப்பாடும் சிஸ்டரின் ரொட்டியும்

"சிஸ்டருங்க சாப்பிடவே மாட்டாங்க. ஜெபம் பண்ணினாலே அவங்களுக்கு வயிறு நெறஞ்சிடும்" என்று என் வகுப்புத் தோழன் வென்சல் அடித்துச் சொல்வான். அமெரிக்காவின் அயோவாவில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அதை நம்பினோம். வெளியாட்கள் முன்னால் சாப்பிடக் கூடாது என்பது கன்னியர் மடத்து விதி. எங்கள் ஆசிரியை சிஸ்டர் குனிகுண்டா ஒரு வாய் ரொட்டி தின்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அன்று காலை நாங்கள் பள்ளிக்கு வந்ததும் பிடித்த பனிப்புயல் சாயங்காலம் வரை விடவில்லை. தெருக்கோடியில் இருக்கும் மடம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"யாரும் வெளிய கால் வைக்கக் கூடாது. புயல் நின்னதும் உங்க அப்பாமார் வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்றார் சிஸ்டர்.

அவர்தான் அடுப்புக்கு விறகு போட்டுப் போட்டு எங்களைக் குளிரிலிருந்து காத்தார். நாங்கள் மதியமே சாப்பிட்டாயிற்று. அவரோ காலைப் பூசை முடிந்து வெறும் வயிற்றோடு நேரே பள்ளிக்கு வந்தவர்; மதியம் மடத்துக்குப் போய்ச் சாப்பிடவும் புயல் விடவில்லை.

விறகெடுக்கக் குனிந்தவர் தள்ளாடி அடுப்பின் மேலே விழப் பார்த்தார். பத்து வயது ஒட்டிலி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், நீங்க இன்னிக்கு ஒண்ணுமே சாப்பிடலையே! என் டப்பாவுல ரொட்டியும் அவிச்ச முட்டையும் மிச்சம் இருக்கு. சாப்பிடுங்க."

"வேண்டாம் கண்ணு. விதின்னா விதிதான்."

"நீங்க மயங்கி விழுந்துட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

சின்னப் பிள்ளைகள் விசும்பத் தொடங்கினார்கள். அப்போதும் சிஸ்டர் தலையை ஆட்டி மறுத்தார்.

ஒட்டிலி கொஞ்சம் யோசித்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் சுவரைப் பார்த்து உக்காருங்க! நாம பார்க்கலைன்னா, சிஸ்டர் நம்ம முன்னால சாப்பிட்டதா ஆகாது."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரும் திரும்பலைன்னு எனக்கு எப்படித் தெரியுமாம்?"

"ஏழாம் வாய்ப்பாடு சொல்றோம். யாராவது திரும்பினா சத்தம் மாறிடும், நீங்களே கேட்டுக்குங்க!"

சிஸ்டர் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

நாங்கள் சுவரில் மூக்கு இடிக்க உட்கார்ந்து கத்தினோம். பின்னால் முட்டை ஓடு உடையும் சத்தம் கேட்டது. அந்த மகிழ்ச்சியில் எனக்கு வாய்ப்பாடே மறந்துபோயிற்று.

"ஏழெட்டு அம்பத்து நாலு!" என்று கத்தினேன்.

வாய் நிறைய ரொட்டியோடு பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது.

"அம்பத்தாறு!"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், சுவரைப் பார்த்தபடியேதான்.