நாலாக மடிந்த ரொட்டி

செவ்வாய்க்கிழமை காலை 7.05.

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்த பிலோமிக்கு மாடிப்படி ஏறும்போதே தீய்ந்த வாடை அடித்தது. சமையலறையில் பால் பொங்கி வழிந்து, பாத்திரத்தின் அடி கருகிக்கொண்டிருந்தது. அடுப்புக்குக் கீழே, அவள் கணவர் செலஸ்டின் ஒருக்களித்துக் கிடந்தார். உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மூச்சு இருந்தது, அவ்வளவுதான்.

செலஸ்டின் ஊட்டி மார்க்கெட்டை ஒட்டிய தெருவில் நாற்பது வருஷம் பேக்கரி நடத்தியவர். கீழே கடை, மேலே வீடு. அவர் மைதாவில் போடும் மொறுமொறு வர்க்கிக்காகக் குன்னூரிலிருந்து ஆள் வந்து காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் டாக்டர்கள் ஒரு வியாதியைக் கண்டுபிடித்தார்கள். கோதுமை ஆகாது. மைதா, ரவை, சேமியா எதுவுமே கூடாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் புண்ணாகும். அன்றிலிருந்து அந்த மாடி வீட்டுக்குள் கோதுமை நுழைந்ததில்லை. கடை, தம்பி மகன் லூயிஸ் கைக்குப் போனது.

ஏழரை மணிக்கு, அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, இத்தலார் பஸ்ஸில் இறங்கி வந்த சமையல்காரி கருப்பம்மாளைப் பிலோமி வாசலிலேயே மறித்தாள். அவள் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். வெற்றிலை, ஒரு சேலை, காகிதத்தில் சுற்றிய நாலு வர்க்கி.

"பாத்தீங்களா. இவதான் கொடுத்துக் கொல்லப் பாத்திருக்கா."

அதைத் தெருவே கேட்டது.

காலை 9.40. மருத்துவமனை.

"விஷம் எதுவும் இல்லைங்க மேடம்," என்றார் டாக்டர். "ஆனா ரெண்டு மூணு மாசமா யாரோ இவருக்குக் கோதுமை கொடுத்திருக்காங்க. ரத்தப் பரிசோதனை பொய் சொல்லாது. குடல் புண்ணாகி, உடம்புல பொட்டாசியம் அடிமட்டத்துக்கு இறங்கிருச்சு. இன்னும் ரெண்டு வாரம் இப்படிப் போயிருந்தா இதயம் நின்னிருக்கும்."

சப்-இன்ஸ்பெக்டர் ஞானசுந்தரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார். "கோதுமை தின்னா ஒரு கேஸா? வர்க்கி வெச்சிருந்த பொம்பளைகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வயது மகளுக்கு இதே வியாதி என்று தெரிந்து ஏழு வாரம்தான் ஆகிறது. பெருங்காயப் பொடியில்கூட மைதா கலப்பார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, மளிகைக் கடையில் ஒவ்வொரு பொட்டலத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் படிக்கிறாள்.

காலை 10.10. ஆஸ்பத்திரி வராந்தா.

"பெருங்காயம்?"

"வாங்கறதே இல்லைங்க," என்றாள் பிலோமி.

"கோயில்ல நன்மை வாங்குவாரா? அப்பமும் கோதுமைதான்."

"சாமியார்கிட்ட முதல்லயே சொல்லியாச்சு. திராட்சை இரசம் மட்டும்தான் வாங்குவார்."

"காலைல என்ன சாப்பிடுவார்?"

"தினமும் அரிசி ரொட்டி. மத்தியானம், ராத்திரி சோறு. நானும் அதேதான். ஒரே சட்டி, ஒரே தோசைக்கல்லு."

"ரொட்டி யார் சுடுறது?"

"கருப்பம்மாதான். ஆடிக் கடைசில அவ அக்கா செத்து நாலு நாள் வரலை. அப்ப நான் சுட்டேன். என் கைக்கே நல்லா வந்துச்சு. அவர்கூடச் சொன்னாரு, பிலோமி, நீயும் பழகிட்டியேன்னு."

"நீங்க ஊர்ல இல்லாம இருந்தது?"

"செப்டம்பர் கடைசில பத்து நாள். மகளுக்குப் பிரசவம், கோயமுத்தூர் போயிருந்தேன். வந்து பாத்தா மனுஷன் இன்னும் இளைச்சுக் கிடக்காரு. நான் இல்லாத நேரம் பாத்து அவ..." பிலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலை 10.50. காவல் நிலையம்.

கருப்பம்மாள் பெஞ்சில் உட்காரவில்லை. சுவரோரம் நின்றாள்.

"வர்க்கி யாருக்குங்கம்மா?"

"பேரனுக்குங்க அம்மணி. நேத்தைக்குச் சாயங்காலம் கீழ வாங்குனது. பையிலயே மறந்துட்டேன். அதை நான் ஊட்டுக்குள்ள பிரிச்சதே இல்லீங்க."

"மாவு எங்க அரைக்கறீங்க?"

"மில்லுக்குக் குடுக்கறதில்லீங்க. அங்க கோதுமையும் அரைப்பாங்களே. ஊட்டுலயே ஊறவெச்சு, மிக்ஸில அரைச்சு, சலிச்சு டப்பாவுல போட்டு வெப்பேன். வாரம் ரெண்டு தரம்."

"ரொட்டி?"

அந்த நிலையிலும் கருப்பம்மாளின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது. "ஆனி மாசம் வரைக்கும் அப்பளமாட்டம் உடைஞ்சுதுங்க. அய்யா தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. அப்பறம் கை பழகிருச்சு. இப்பல்லாம் நாலா மடிச்சு வெப்பேன், ஒரு விரிசல் இருக்காது. நடுவுல ஆவணியில ஒரு வாரம் மட்டும் மறுபடி உடைஞ்சுது. அரிசி மாறிருச்சோ என்னமோ."

ஞானசுந்தரி குனிந்து எழுதினாள். போலீசாக அல்ல, தாயாக எழுதினாள். அவள் சுட்ட அரிசி ரொட்டி ஒன்றுகூட முழுசாகத் தட்டுக்கு வந்ததில்லை. "என்ன பக்குவம்? சொல்லுங்க."

"கொதிதண்ணி ஊத்தி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, சூட்டோட பிசையணுங்க. அவ்வளவுதான்."

காலை 11.35. பேக்கரி.

லூயிஸுக்கு முப்பது வயதிருக்கும். கீழ் கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு வந்தவன். முழங்கை வரை மாவு. கேள்விக்கு முன்பே நாற்காலி எடுத்துப் போட்டான்.

"தினமும் மேல போவீங்களா?"

"காலைல ஆறு, ஆறேகாலுக்குப் போவேனுங்க. கடைச் சாவி சமையல்கட்டு ஆணியிலதான் தொங்கும். சாவி எடுத்துட்டு, பெரியப்பாவைப் பாத்து ரெண்டு வார்த்தை பேசிட்டு இறங்கிருவேன்."

"அப்ப பெரியம்மா?"

"பூசைக்குப் போயிருப்பாங்க."

"கடையை விட்டு எங்கயும் போனதுண்டா?"

"எங்கீங்க மேடம். மாதா திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போனதுதான். செப்டம்பர் முதல் வாரம், வேன்ல ஒன்பது நாள். திரும்பி வந்தா பெரியப்பா கீழ இறங்கி வந்து நின்னுட்டிருக்காரு. ஆளே தெளிஞ்சிருந்தாரு. மாஸ்க் போட்டுட்டு நின்னு பாக்கலாம்னு டாக்டரும் சொல்லிட்டாராம். இந்தக் கிறிஸ்துமஸ் கேக்குக்கு நானே நிப்பேன்னு ஜூன்லருந்தே சொல்லிட்டிருந்தாரு." அவன் கண்ணைத் துடைத்தான். மாவு கன்னத்தில் ஒட்டியது. "அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு."

மதியம் 1.20.

ஜீப்பில் ஏறும்போது கைப்பேசி அடித்தது. கணவன் மோசஸ்.

"பயப்படாத. பள்ளிக்கூடத்துல பாப்பா பக்கத்துப் பிள்ளை டப்பாவுலருந்து பன் எடுத்துத் தின்னிருக்கா. டீச்சர் கூப்பிட்டாங்க. வயித்து வலி இருக்கு. நான் கூட இருக்கேன்."

"யாரு கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலை சுந்தரி. இவளேதான் எடுத்தா. பன்னுன்னு தெரியும், தின்னக் கூடாதுன்னும் தெரியும். ஏன் சொல்லலைன்னு கேட்டேன். சொன்னா புடுங்கிருவீங்கன்னு அழறா."

கைப்பேசியை மடியில் விரித்திருந்த குறிப்பேட்டின் மேல் வைத்தாள். கான்ஸ்டபிள் சங்கிலி கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பாமல் இருந்தார். வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனம் இழுத்தது. அப்போதுதான் குறிப்பேட்டில் அவளே எழுதியிருந்த பக்குவம் கண்ணில் பட்டது. கொதிதண்ணீர், நல்லெண்ணெய், சூட்டோடு பிசைவது. இதில் புதிதாக என்ன இருக்கிறது? அவளும் ஏழு வாரமாக இப்படித்தானே சுடுகிறாள்?

"அண்ணே, ஸ்டேஷனுக்கு விடுங்க. கருப்பம்மாளை ஏத்திட்டு அந்த மாடி வீட்டுக்குப் போகணும்."

மதியம் 2.30. மாடி வீட்டுச் சமையலறை.

காலையிலேயே சீல் வைத்த மாவு டப்பாவைச் சங்கிலி சாட்சிகள் முன்னால் திறந்தார். ஞானசுந்தரி அதைத் தொடாமல், முதலில் வீட்டில் இருந்த அரிசியைக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தாள்.

"இதை அரைச்சு ஒரு ரொட்டி சுடுங்க. எப்பவும் சுடுறாப்புலயே."

கருப்பம்மாள் அரை மணி ஊறவைத்து அரைத்தாள், சலித்தாள், கொதிதண்ணீர் ஊற்றிப் பிசைந்தாள். கல்லில் போட்டுத் திருப்பும்போதே ரொட்டி மூன்று துண்டானது. அவள் திகைத்துப்போய்த் தன் கையைப் பார்த்தாள்.

"இப்ப டப்பா மாவுல சுடுங்க."

அது வட்டமாக எழும்பியது. நாலாக மடித்தும் விரிசல் விடவில்லை.

ஞானசுந்தரி டப்பா மாவில் இரண்டு கைப்பிடி எடுத்துப் பிசைந்தாள். அதை மெல்லிய துணியில் கட்டிக் குழாய்த் தண்ணீரில் கசக்கினாள். வெள்ளையாக ஓடியது. ஓடி முடிந்து தண்ணீர் தெளிந்தபோது துணியைப் பிரித்தாள். அரிசி மாவாக இருந்தால் மிஞ்சுவது வெறும் குருணைதான். துணியில் இருந்தது நெல்லிக்காய் அளவு சாம்பல் நிற உருண்டை. இரண்டு விரலால் இழுத்தாள். ரப்பர் மாதிரி நீண்டது.

"என்னங்க அது?" என்றாள் கருப்பம்மாள்.

"மைதாவோட பசை. அரிசியில இது கிடையாது. உங்க கைப்பக்குவம் இல்லைங்கம்மா. யாரோ மாவுல கலந்திருக்காங்க."

மாலை 5.00. மருத்துவமனை, எட்டாம் எண் அறை.

செலஸ்டின் கண் விழித்திருந்தார். கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. கட்டில் ஓரம் பிலோமி, கால்மாட்டில் லூயிஸ். கருப்பம்மாள் கதவை ஒட்டி நின்றாள். அவளைப் பார்த்ததும் பிலோமி எழுந்தாள்.

"உக்காருங்கம்மா," என்றாள் ஞானசுந்தரி. "எல்லாரும் வர்க்கியையே பாத்துட்டிருந்தோம். அங்கதான் தப்புப் பண்ணுனோம். கோதுமை வந்தது அரிசி மாவு டப்பா வழியா. ஆட்டா கலந்திருந்தா நிறம் காட்டிக் கொடுத்திருக்கும். மைதா வெள்ளை, யார் கண்ணுக்கும் படாது. ஆனா அதை மறைக்க முடியாத இடம் ஒண்ணு இருக்கு. ரொட்டி. அரிசி ரொட்டி உடையும். மைதா சேர்ந்தா மடியும். அதனால ரொட்டி எப்பல்லாம் மடிஞ்சுதோ அப்பல்லாம் கலந்தவர் ஊர்ல இருந்திருக்கார்."

பிலோமி மறுபடி கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"கருப்பம்மா நாலு நாள் வரலை. அப்பவும் ரொட்டி நல்லா வந்துச்சு. நீங்களே சுட்டேன்னு சொன்னீங்க பிலோமியம்மா. அதுக்குள்ள புது மாவும் அரைச்சிருப்பீங்க."

"ஆமாங்க. நான்தான் அரைச்சேன்."

"அப்ப கருப்பம்மா இல்லை. நீங்க பத்து நாள் கோயமுத்தூர்ல. அப்பவும் ரொட்டி உடையலை, இவர்தான் இன்னும் இளைச்சார். அப்ப நீங்களும் இல்லை. ரொட்டி உடைஞ்சது ஆவணியில ஒரே ஒரு வாரம். செப்டம்பர் முதல் வாரம். இவர் தெளிஞ்சு கீழ இறங்கி வந்ததும் அதே வாரம்தான்." அவள் திரும்பினாள். "அந்த ஒன்பது நாள் நீங்க வேளாங்கண்ணியில இருந்தீங்க லூயிஸ்."

லூயிஸ் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. "மேடம், அது தற்செயலுங்க. பெரியப்பா, நீங்க சொல்லுங்க."

செலஸ்டின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரைத்தான் நானும் கேக்கணும்," என்றாள் ஞானசுந்தரி. கட்டிலருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அய்யா, நாப்பது வருஷம் மாவு பிசைஞ்ச கை உங்களுது. அந்த ரொட்டியை முதல்ல பிட்டப்பவே உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

அவர் ஊசி ஏறாத கையின் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார்.

"தெரியும்," என்றார் அவர். "பிய்க்கறப்பவே விரலுக்குத் தெரிஞ்சுது. இழுத்தா வருது. அரிசி அப்படி வராது."

"என்னங்க சொல்றீங்க," என்றாள் பிலோமி.

"ஒன்றரை வருஷம் பிலோமி. கீழ அடுப்பைத் திறப்பாங்க, வாசம் மேல வரும். சன்னலைச் சாத்திட்டு உக்காந்திருப்பேன். கனவுல பன்னு தின்னேன். ஒரு நாள் ரொட்டி ரொட்டியா வந்துச்சு. சொன்னா நின்னு போயிரும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"யார்னு தெரியுமா?"

"தெரிஞ்சுக்க விரும்பலை. அதை மட்டும் நெனைக்கவே இல்லை."

லூயிஸ் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். "சாகணும்னு செய்யலை பெரியப்பா. சத்தியமா. நீங்க கடைக்கு வந்துட்டா நான் மறுபடி ஃபேக்டரிக்குப் போகணும். நாலு வருஷம் அந்த ஷிப்ட்ல நின்னவன் நான். மாடியில படுத்தே இருந்தாப் போதும்னு நெனச்சேன். ஒரு கை, ரெண்டு கை, அவ்வளவுதான் போட்டேன்."

"அவனை விட்ருங்கம்மா," என்றார் செலஸ்டின். "புகார் ஒண்ணும் வேண்டாம். நானுந்தானே தின்னேன்."

"நான் எழுதித் தரேன்," என்றாள் பிலோமி. "காலைல கருப்பம்மா மேல எழுதிக் கொடுத்தேன். அதைக் கிழிச்சுட்டு வேற காகிதம் கொடுங்க."

சங்கிலி லூயிஸின் தோளைத் தொட்டு எழுப்பி வெளியே கூட்டிப்போனார். போகும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஞானசுந்தரி கைப்பேசியை எடுத்தாள். பாப்பா தூங்கிவிட்டாள், வலி குறைந்திருக்கிறது என்று மோசஸ் செய்தி அனுப்பியிருந்தான். அதை இரண்டு முறை படித்தாள்.

பிலோமி எழுதி முடிக்கும் வரை கருப்பம்மாள் கதவோரமே நின்றிருந்தாள். செலஸ்டின் அவளை அருகே வரும்படி கையசைத்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கருப்பம்மா, என்னால உனக்கு ஸ்டேஷன் வரைக்கும் போற மாதிரி ஆயிருச்சு. மனசுல வெச்சுக்காத. ஊட்டுக்கு வந்ததும் நீதான் மறுபடி சமைக்கணும்."

கருப்பம்மாள் சேலைத் தலைப்பைச் சுற்றி இடுப்பில் செருகினாள்.

"உங்க பசி எனக்குப் புரியுதுங்க அய்யா. ரொட்டி உடைஞ்சப்ப நீங்க எந்திரிச்சுப் போனதைப் பாத்து நானும் சாப்பிடாம இருந்திருக்கேன். ஆனா மூணு மாசம், ரொட்டி நல்லாருக்கு கருப்பம்மான்னு தினமும் என்கிட்டச் சொன்னீங்களே. அது எதுக்குங்க?"

அவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஒடம்பைப் பாத்துக்குங்க. நான் வரலீங்க."

இத்தலாருக்கு ஆறேகால் பஸ். அவள் படியிறங்கிப் போனாள்.