பூ வாங்க வந்தவள்

விடியும் முன்பே அமுதினி தோட்டத்தில் இறங்கி, அரசாணி எனும் பரங்கிக் கொடியின் ஆண்பூக்களைக் காம்போடு கிள்ளி ஈரத்துணியில் சுற்றினாள். கணவன் கதிரவன் முடைந்த ஓலைப்பெட்டியில் அவற்றை அடுக்கி சைக்கிள் கேரியரில் கட்டினாள். பிறகு டயர்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். திருப்தி வராமல் மறுபடியும் அழுத்தினாள்.

"காத்து போதும், கெளம்பு" என்றான் கதிரவன். மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, சின்னதாக இன்னொரு பெட்டி முடைந்துகொண்டிருந்தான். அது யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. மகள் செம்மலரின் சைக்கிள் கொட்டகையில் துணி போர்த்தி நின்றது.

தேனீக்கள் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பெட்ரோலும் அப்படித்தான். சைக்கிள் மிதித்து எட்டும் தூரத்தை ஒரு மிதிவட்டம் என்று பிரித்து, ஒவ்வொரு தெருவும் தன் காய்கறியைத் தானே விளைவித்து உண்ண வேண்டும் என்று விதை வாரியம் விதி செய்தது. எளிய வாழ்வு என்று அதற்குப் பெயர். சுவரொட்டியில் பூவும் சைக்கிளும் சிரித்த முகங்களுமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். தெருக்கள் ஒன்றையொன்று மறந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் வாரியம் விதையிலும் கைவைத்தது. ஒரு தெருவின் மகரந்தம் அதே தெருவில் காய் பிடிக்காது. ஜோடித் தெருவிலிருந்துதான் வர வேண்டும். ஒருவர் தன் தெருப் பூவைக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்தத் தெருப் பூவை வாங்கி வருவார்.

ஜோடித் தெருக்காரர்களை மக்கள் சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சம்பந்தி என்று வந்த பிறகு சம்பிரதாயம் வராமல் இருக்குமா? பூ வாங்க வந்தவர் வெறும் வயிற்றோடு திரும்பக் கூடாது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பூ கைக்கு வரும். பாதியில் எழுந்தால் சம்பந்தம் முறிந்துவிடும். அடுத்த இளவேனிலில் அந்தத் தெருவுக்குப் பூ தர யாரும் இருக்க மாட்டார்கள்.

காய்க்காத தெரு ஒரு வாயைக் குறைக்க வேண்டும். ஒருவர் தானாக முன்வந்து தொலைதூர நெல்வட்டத்துக்கு வயல் வேலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சீட்டுக் குலுக்குவார்கள். காய்த்தால், ஜோடித் தெரு இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒருவரைத் திரும்ப அழைக்கலாம். அந்தப் பெயரைச் சொல்லும் உரிமை பூச் சுமந்தவருக்கு.

போன ஆண்டு பூச் சுமந்தவன் கதிரவன். பாலத்து இறக்கத்தில் டயர் வெடித்து விழுந்தான். கால் மடங்காமல் போயிற்று, பூவும் வாடிப்போயிற்று. இரண்டு தெருவிலும் காய் இல்லை. அமுதினி அவனோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது செம்மலருக்குச் சீட்டு விழுந்தது. சம்பந்தித் தெருவில் செல்லக்கிளியின் மகன் நன்மாறனுக்கு விழுந்தது. இன்று விரிந்திருப்பவை இந்தப் பருவத்தின் கடைசிப் பெண்பூக்கள். வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அதற்குள் போய்த் திரும்பினால் மகள் வீடு வந்து சேர்வாள்.

இந்த முறை பூக் கொடுக்கும் வீடு செல்லக்கிளியுடையது.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க." செல்லக்கிளி பெட்டியை வாங்கித் திறக்காமலே ஓரமாக வைத்தாள். இலை போட்டாள். கம்பஞ்சோறு வந்தது. வெகுநேரம் கழித்துக் கடைந்த கீரை வந்தது.

"இதுவே போதுங்கக்கா. வெயில் ஏறுதுங்க."

"கொள்ளுத் தொவையல் இல்லாம எப்புடி? அரைச்சுட்டு வந்தர்றேன். சம்பந்தி அரை வயித்தோட போனா எங்களுக்குத்தானே கேவலம்?"

உள்ளே அம்மி நிதானமாக நகர்ந்தது. வாசலில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. அமுதினி சோற்றை அள்ளி அள்ளி விழுங்கினாள். துவையல் வந்ததும், இலையில் இன்னொரு அகப்பைச் சோறு விழுந்தது. அடுப்பில் பணியாரச் சட்டி ஏறியது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இது உபசாரம் இல்லை. வெயில் ஏறும்வரை உட்கார வைக்கிறாள்.

"அக்கா, உங்க தெருவுக்குக் கொண்டாந்த பூவும் வாடுதுங்களே. காய்க்காட்டி உங்கள்லயும் ஒருத்தர் போகணும்."

"போகட்டும். நான்தான் போறேன்னு சொல்லி வெச்சிருக்கறேன்." செல்லக்கிளி சட்டியில் மாவை ஊற்றினாள். "எம் பையன் அங்கதானே இருக்கறான். நீ யார் பேரச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? உம்பட புள்ள வந்துருவா. எம் பையன் அங்கயே கெடப்பான். வெடிச்சது யார் ஊட்டு டயரு?"

அமுதினிக்கு அந்தச் சட்டியைக் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. காய்க்காவிட்டால் தானும் மகளிடமே போய்விடலாம். ஆனால் தடியூன்றி நாலடி வைக்கவே திணறும் கதிரவனை யாரிடம் விடுவது? அவள் போகாவிட்டால் தெருவில் வேறு யார் பிள்ளைக்கோ சீட்டு விழும். நிழல் தொட்டியின் அடிக்கே வந்துவிட்டது.

"நன்மாறன்" என்றாள்.

"என்ன?"

"உங்க பையன் பேரையே சொல்றேன். பூவக் குடுங்க."

"சத்தியமா?"

"உங்க ஊட்டுச் சோறு கையில இருக்குது. இதுக்கு மேல என்னங்க சத்தியம்?"

செல்லக்கிளி மாவுக் கையோடு தோட்டத்துக்கு ஓடினாள். பூவைக் கொண்டுவந்தவள் தானே செம்பை எடுத்து அமுதினியின் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

பாலத்து இறக்கத்தில் அமுதினி பிரேக்கைத் தொடவில்லை. வந்து சேர்ந்தபோது பெண்பூக்களின் ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது. இதழை விரலால் விலக்கி மகரந்தத்தைத் தடவினாள். மகரந்தம் உதிராதபடி ஒவ்வொன்றையும் வாழைநாரால் கட்டினாள். கடைசிப் பூவைக் கட்டியதும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். களைப்பு என்று கதிரவன் நினைத்துக்கொண்டான்.

சில நாட்களில் பிஞ்சுகள் பருத்தன. தோட்டத்துக் காய்க்கண், வாரியம் வைத்த கேமரா, பச்சையாக ஒளிர்ந்தது. தெரு முழுக்க ஓடி வந்தது. கதிரவன் தடியூன்றிக் கொட்டகைக்குப் போய், செம்மலரின் சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து, சின்னப் பெட்டியை அதன் கேரியரில் கட்டினான். நடந்ததை அமுதினி இன்னும் அவனிடம் சொல்லவில்லை. ஏமாற்றிவிடலாமே என்று இத்தனை நாளும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது. யார் வந்து இறங்குகிறார் என்று பார்த்த பிறகுதானே செல்லக்கிளிக்குத் தெரியப்போகிறது?

தெருமுனை ஸ்பீக்கரில் வாரியத்தின் குரல் கேட்டது. "பூச் சுமந்தவர் அமுதினி. திரும்ப வேண்டியவர் யார்?"

கதிரவனின் உதடு மகளின் பெயரை முன்னதாகவே முணுமுணுத்தது. அமுதினி அவனைப் பார்க்காமல் பிஞ்சைப் பார்த்தாள்.

"நன்மாறன்."

"நன்மாறன். உறுதி செய்ய மறுபடி சொல்லவும்."

"அமுது, பேர மாத்திச் சொல்லிட்ட." கதிரவன் சிரித்துக்கொண்டே அவள் தோளைத் தொட்டான். "பாரு, மறுபடி கேக்குது. அவசரப்படாம சரியாச் சொல்லு."

அவள் மறுபடியும் அதே பெயரைச் சொன்னாள்.